என் கை என்று சொன்னவர்

என் தங்கையின் கணவர் எனக்கு எழுபதாயிரம் தர வேண்டியிருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் இந்தக் கணக்கை ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள். ஒருவர் ஐம்பது என்கிறார், இன்னொருவர் வட்டியும் முதலுமாக ஒரு லட்சம் என்கிறார். எழுபதுதான். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. கூடப் பிறந்தவள் வீட்டுக்குக் கொடுக்கிற பணத்துக்கு எவனாவது பத்திரம் எழுதுவானா?

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சொல்வதில் வெட்கம் இல்லை. பிறர் வண்டிக்கு அடியில் படுத்துப் படுத்தே மேலே வந்தவன். இந்தத் தெருவில் கார் பழுது பார்க்கும் கொட்டகைகள் வரிசையாக ஏழெட்டு இருக்கின்றன. சொந்த இடத்தில் சொந்தக் கூரை போட்டு, வண்டியைத் தூக்கி நிறுத்த இரண்டு லிஃப்ட் வைத்திருப்பது நான் ஒருவன்தான். சந்தேகம் இருந்தால் வந்து பாருங்கள். எவர் தயவும் இல்லாமல் செய்தேன். ஆனால் நான் எழுத வந்தது என்னைப் பற்றி இல்லை, மாப்பிள்ளையைப் பற்றி. தெருவில் கேட்டால் தங்கமான மனுஷன் என்பார்கள். இருக்கட்டும். அந்தத் தங்கத்தை உரசிப் பார்த்தவன் நான்.

என்னிடம் வேலைக்கு வந்தபோது அவர் ஏற்கெனவே நாலு கொட்டகை மாறியவர். ஒல்லி உடம்பு, நீளக் கை. இன்ஜினுக்குள் எந்தச் சந்திலும் நுழைகிற கை. அந்தக் கையைப் பார்த்துத்தான் வேலை கொடுத்தேன். வந்த கொஞ்ச நாளிலேயே 'அவசரம்' என்று பெயர் விழுந்துவிட்டது. நின்றுகொண்டே சாப்பிடுவார். டீயை ஊதிக் குடிக்கப் பொறுமை இல்லாமல், ஆறிப்போன டீயாகக் கேட்டு வாங்குவார். மற்றவன் ஒரு வண்டியை முடிப்பதற்குள் அவர் மூன்றை முடிப்பார். அந்த மூன்றில் ஒன்று மறுநாள் திரும்பி வரும். வந்தாலும் வண்டிக்காரர் கோபமாகப் போகமாட்டார், அதுதான் அதிசயம். "வண்டிக்கு என்னைப் பாக்காம இருப்புக் கொள்ளலை சார், அதான் திரும்பி வந்துடுச்சு" என்பார் இவர். வந்தவர் சிரித்துவிடுவார். நான் ஒரு வண்டியைக் குறை இல்லாமல் முடித்து அனுப்பினால் கூலியில் நூறு குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அந்த வாய்தான் என் தங்கையையும் பிடித்தது. மதியம் எனக்குச் சாப்பாட்டு அடுக்கு கொண்டுவருவாள். கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தவள், ஒரு கட்டத்தில் காலி அடுக்கை வாங்கிக்கொண்டுதான் போவேன் என்று நிற்க ஆரம்பித்தாள். எனக்குப் புரிந்தபோது வெள்ளம் தலைக்கு மேல் போயிருந்தது.

"அவன்கிட்ட அப்படி என்னடி இருக்கு?" என்று கேட்டேன்.

"சிரிப்பு இருக்குண்ணா. நம்ம வீட்ல அது யார்கிட்டயும் இல்ல."

அப்பா அம்மா இல்லாத வீடு. அவளுக்கு எல்லாம் நான்தான். நானே முன்னின்று கல்யாணத்தை முடித்தேன். வெள்ளிக்கிழமை வரை "டேய், அந்த ஜாக்கியை எடுடா" என்று விரட்டியவனை, ஞாயிற்றுக்கிழமை "வாங்க மாப்ளே, உக்காருங்க" என்று கூப்பிட வேண்டியதாயிற்று. எனக்கு நாக்குப் புரள நாளாயிற்று. அவரோ அன்றைக்கே "மச்சான்" என்று தோளில் கை போட்டுவிட்டார். அதிலும் அவசரம்தான்.

கொஞ்ச காலத்தில் தெருவின் அந்தக் கோடியில் ஒரு கொட்டகை காலியானது. தனியாகக் கடை போட ஆசைப்பட்டார். தங்கை வாய் திறந்து கேட்கவில்லை. நானாகத்தான் கொடுத்தேன். கொட்டகைக்கு அட்வான்ஸ் நாற்பது, காற்று அடிக்கிற கம்ப்ரஸருக்கும் மற்ற சாமான்களுக்கும் முப்பது. வெல்டிங் செட் மட்டும் அவர் வாங்கவில்லை. "அதான் இந்தக் கோடியில மச்சான் இருக்காரே" என்று சொல்லிவிட்டார்.

கேட்காமல் கெட்டது கடன் என்பார்கள். நான் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. கடைப் பக்கம் போனால் கம்ப்ரஸரைத் தட்டிக் காட்டுவார். "மச்சான், உங்க காசு பத்திரமா இருக்கு. கேளுங்க, மூச்சு விடுது பாருங்க." நானும் சிரித்துவிட்டு வருவேன். சிரிக்க வைத்துவிடுவார் என்றேனே.

இனி எங்கள் தெரு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். போல்ட் தலைக்கு ஆறு மூலை. ஸ்பேனர் அந்த மூலைகளைத்தான் பிடிக்கிறது. துருப்பிடித்து இறுகிய போல்ட்டில் பொருந்தாத ஸ்பேனரைப் போட்டு இழுத்தால் மூலைகள் மழுங்கி, தலை கூழாங்கல் மாதிரி உருண்டுவிடும். பிறகு எந்த ஸ்பேனருக்கும் பிடி கிடைக்காது. இப்படி ஒருவர் கெடுத்த போல்ட்டை இன்னொருவர் எடுக்கப் போய், அவர் கையில் அது ஒடிந்தால், இன்ஜினே விரிசல் விட்டால், செலவு யார் தலையில்? இதற்காக எங்கள் தெருவில் மண்டை உடைந்திருக்கிறது. அதனால் பெரியவர்கள் காலத்திலேயே ஒரு முறை வைத்தார்கள். கெட்ட போல்ட்டோடு வண்டி வந்தால், தொடுவதற்கு முன் "யார் கை?" என்று கேட்க வேண்டும். கெடுத்தவர், வண்டிக்குச் சொந்தக்காரர் முன்னால், "என் கை" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால், எடுத்துக் கொடுக்கிறவர் பாதிக் கூலிதான் வாங்குவார்; எது உடைந்தாலும் செலவு கெடுத்தவருக்கு. சொல்லாத போல்ட்டைத் தொட்டால் அந்த நிமிஷத்திலிருந்து அது தொட்டவன் போல்ட்.

கேட்க இரண்டே வார்த்தை. வாடிக்கைக்காரர் முகத்தைப் பார்த்துச் சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும் அதன் கனம். நான் சொல்லியிருக்கிறேன். கடை போட்ட புதிதில் ஒரு டாக்டர் வண்டியில், அவர் எதிரிலேயே சொன்னேன். இன்ஜின் செலவைக் கட்டி முடிக்கும்வரை வீட்டில் ஒரு வேளைதான் அடுப்பு எரிந்தது. அந்த டாக்டர் சாகும்வரை வேறு கடைக்கு வண்டியை விடவில்லை. ஆகவே நான் ஒருவரைப் பார்த்து "யார் கை?" என்று கேட்டால், கேட்க யோக்கியதை உள்ளவன்தான் கேட்கிறேன்.

மாப்பிள்ளையின் கடைக்கு நல்ல காலம் ஒரு அம்மாவால் வந்தது. வாடகைக்கு ஐந்து கார் விடுகிறவர். தெருவில் எல்லாருக்கும் 'அஞ்சு வண்டி அக்கா'. கணக்கில் கறார். ஐந்து வண்டியும் மாப்பிள்ளையிடம்தான். கொட்டகை வாடகை, வீட்டு வாடகை, இரண்டு பிள்ளைகள் படிப்பு எல்லாம் அந்த ஐந்து வண்டியில் ஓடியது. ஐந்தில் ஒன்று அப்போதுதான் கைமாறி வந்த பழைய வண்டி. முன்பு அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எங்கள் தெருவிலேயே மூலைக்கடைக்காரர். வயசானவர், அதிகம் பேசாதவர்.

அந்தப் பழைய வண்டியில் தண்ணீர் பம்ப் ஒழுகியது. பம்ப்பைப் பிடித்திருக்கிற போல்ட்டுகள் பன்னிரண்டாம் நம்பர், அதாவது பன்னிரண்டு மில்லிமீட்டர். எங்கள் தொழிலில் மில்லிமீட்டர் ஸ்பேனரும் உண்டு, அந்தக் காலத்து வண்டிகளுக்கான இஞ்ச் ஸ்பேனரும் உண்டு. அரை இஞ்ச் ஸ்பேனர் பன்னிரண்டாம் நம்பர் போல்ட்டில் போகும். போகும், பிடிக்காது. நகக்கண் அளவு ஆட்டம் இருக்கும். என் கடையில் இஞ்ச் ஸ்பேனர்களுக்கெல்லாம் வாலில் சிவப்பு பெயிண்ட் அடித்துத் தனிச் சுவரில் மாட்டியிருக்கிறேன். மாப்பிள்ளை கடையில் எல்லாம் ஒரே டப்பா. கைக்கு எது அகப்பட்டதோ அதுதான் அன்றைய அளவு.

ஒருநாள் காலை அந்த வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தார். பின்னாலேயே அஞ்சு வண்டி அக்கா, மடக்கிய குடையைக் கையில் பிடித்தபடி.

"மச்சான், ஒரு சின்ன வேலை. வெல்டிங் செட்டைக் கொஞ்சம் போடணும்."

"சின்ன வேலைக்குத்தான் கயிறு கட்டி இழுத்துட்டு வந்தீங்களா மாப்ளே?"

"நடந்து வான்னு சொல்லிப் பாத்தேன், கேக்க மாட்டேங்குது."

அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

பானெட்டைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். மற்ற போல்ட்டுகள் வந்துவிட்டன. கீழே சந்தில் இருந்த ஒன்றுக்குத் தலையே இல்லை. தலையை மழுக்கி, உளி வைத்து அடித்து, தலை ஒடிந்ததும் மிச்சத் தண்டில் துளை போட்டிருக்கிறார். உடைந்த போல்ட்டைக் கழற்ற எதிர்ப்புறமாக மரை வெட்டிய ஒரு கம்பி உண்டு. அதைத் துளைக்குள் முறுக்கியிருக்கிறார். முறுக்கிய வேகத்தில் அந்தக் கம்பியும் உள்ளேயே ஒடிந்துவிட்டது. அது போல்ட்டைவிடக் கெட்டி எஃகு, ட்ரில் அதில் இறங்காது. சுற்றிலும் இன்ஜின் உடம்பு அலுமினியம், கொஞ்சம் தவறினால் வெண்ணெய் மாதிரி வழித்துக்கொண்டு போகும். அப்புறம் இன்ஜினைக் காயலான் கடைக்குத்தான் போட வேண்டும்.

ஒடிந்த தலை கீழ்த் தகட்டில் கிடந்தது. எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தேன். மூலைகள் எல்லாம் ஒரே பக்கமாக மழுங்கியிருந்தன. ஆட்டமுள்ள ஸ்பேனர், அரை இஞ்ச். வழித்த இடம் பளபளவென்று இருந்தது. பழசாக இருந்தால் துரு ஏறியிருக்கும்.

"யார் கை?" என்று கேட்டேன்.

மாப்பிள்ளை துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"வண்டி வரும்போதே மழுங்கித்தான் இருந்துச்சு மச்சான். முன்னாடி பாத்தவங்க யாரோ..."

அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். "முன்னாடி பாத்தது மூலைக்கடைக்காரர்தானே? வண்டியை வித்தவர் சொன்னாரே. அப்ப செலவை அவர்கிட்டயே வாங்கிக்கறேன்."

"அதெல்லாம் எதுக்குக்கா..." என்று மாப்பிள்ளை இழுத்தார். இழுத்தாரே தவிர இல்லை என்று சொல்லவில்லை.

"மாப்ளே, மறுபடி கேக்கறேன். யார் கை?"

"தெரியலை மச்சான்."

"தெரியலைன்னா நான் தொடமாட்டேன்."

பானெட்டை இறக்கிவிட்டு உள்ளே போய்விட்டேன். அக்கா குடையை ஊன்றிக்கொண்டு மூலைக்கடைப் பக்கம் நடந்தார்.

தகவல் எப்படித்தான் போனதோ, கொஞ்ச நேரத்தில் தங்கை வந்துவிட்டாள். தையல் ஊசி குத்திய ரவிக்கைத் துணி ஒன்று தோளில் அப்படியே கிடந்தது. வீட்டில் தைத்துக்கொண்டிருந்தவள் எழுந்து ஓடி வந்திருக்கிறாள்.

"ஒரு போல்ட்டுக்கா அண்ணா இந்தப் பாடு படுத்துறே?"

"போல்ட்டுக்கு இல்லடி. ஒரு வாய் வார்த்தைக்கு."

"அந்த வார்த்தையைச் சொன்னா அந்தம்மா நிக்குமா? அஞ்சு வண்டியும் போயிடும். எங்க அடுப்பு அதுலதான் எரியுதுன்னு உனக்குத் தெரியாதா?"

"சொல்லலைன்னா மூலைக்கடைக்காரர் அடுப்பு அணையும். அவருக்கும் வீடு வாசல் இருக்கு."

"அவர் உனக்கு மாமனா மச்சானா? கூடப் பொறந்தவ நான் நிக்கிறேன் கண்ணு முன்னாடி."

"கூடப் பொறந்தவளுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயம்னு நான் கடை வைக்கலை."

அவள் என்னையே பார்த்தாள். "ஆமா. நீ கடை மட்டும்தான் வச்சிருக்கே" என்றாள்.

அதற்குள் வாசலில் சத்தம். மூலைக்கடைக்காரர் வந்துவிட்டார். அதிகம் பேசாத மனுஷன் அன்றைக்கு நடுத்தெருவில் நின்று கத்தினார்.

"அந்த வண்டியில தண்ணி பம்ப்பை நான் தொட்டதே இல்லம்மா! என் பிள்ளைங்க மேல சத்தியம்!"

"எல்லாரும் சத்தியம்தான் பண்றீங்க" என்றார் அக்கா. "செலவை யார் பண்றது?"

தெருவே கூடிவிட்டது. வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கையில் பிடித்த சாமானோடு வந்து நின்றார்கள். மாப்பிள்ளை வண்டிக்குப் பின்னால் குனிந்து கயிற்று முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே அவிழ்ந்த முடிச்சு.

அப்போது நான் சொன்னேன். தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். எனக்கு எப்போதுமே பெரிய குரல்.

"மாப்ளே, நீங்க எனக்குத் தர வேண்டிய எழுபதாயிரத்தை இந்த நிமிஷத்தோட விட்டுட்டேன். இன்ஜின் போனாலும் அந்தச் செலவு என்னோடது. அந்த ரெண்டு வார்த்தையைச் சொல்லிடுங்க."

இதைவிட ஒருவன் என்ன செய்ய முடியும்? நீங்களே சொல்லுங்கள். பெற்ற தகப்பன் செய்வானா?

மாப்பிள்ளை நிமிர்ந்தார். சிரிப்பு இல்லாத அவர் முகத்தை அன்றுதான் பார்த்தேன். வேறு யாரோ போல இருந்தார்.

"சொல்லத்தான் நிமிர்ந்தேன் மச்சான்" என்றார். "அதுக்குள்ள நீங்க காசைச் சொல்லிட்டீங்க."

பிறகு அக்காவிடம் திரும்பினார். "என் கை. என் கைதான்க்கா. தப்பு ஸ்பேனரைப் போட்டுட்டேன். பெரியவரை விட்டுடுங்க."

நான் சொல்லாவிட்டாலும் அவர் சொல்லியிருப்பார் என்று தங்கை சொல்கிறாள். இருக்கலாம். அப்படியானால் காலையில் இரண்டு தடவை கேட்டேனே, அப்போது வாயில் என்ன இருந்தது? ஒரு பெரியவர் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்கிறவரை எதற்குக் காத்திருந்தார்?

வேலையை ஆரம்பித்தேன். முதலில் பேட்டரி வயரைக் கழற்றினேன், இல்லாவிட்டால் வெல்டிங் போடும்போது வண்டியின் கம்ப்யூட்டர் போய்விடும். உள்ளே ஒடிந்து நின்ற கம்பி எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நொறுங்கும். கூரான பஞ்ச் வைத்துத் தட்டித் தட்டி, துண்டு துண்டாக உடைத்துக் காந்தத்தால் எடுத்தேன். இனி மிச்சத் தண்டின் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் ஓட்டை வழியாக வெல்டிங்கை இறக்கி இரண்டையும் ஒட்ட வேண்டும். அலுமினியத்தில் அந்த வெல்டிங் ஒட்டாது என்பதால் தைரியமாகச் செய்யலாம். ஆனால் நட்டு மயிரிழை நகராமல் நிற்க வேண்டும். அந்தச் சந்தில் என் கை போகவில்லை. என் கை தடித்த கை.

நான் கூப்பிடவில்லை. அவரே வந்து பக்கத்தில் படுத்து, நீளக் கையை உள்ளே விட்டு, குறடால் நட்டைப் பிடித்தார். தீப்பொறி மணிக்கட்டில் விழுந்தது. அசையவில்லை. அந்த மனுஷன் ஒரே இடத்தில் அவ்வளவு நேரம் அசையாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

துருவின் பிடி தளர, சூடு இருக்கும்போதே ஓரத்தில் மெழுகைத் தொட்டோம். உருகி இடுக்கில் இறங்கியது. ஆறவிட்டு, பாக்ஸ் ஸ்பேனரைப் போட்டு, முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு இழை தள்ளினேன். அவிழ்க்க வேண்டிய போல்ட்டை முதலில் இறுக்க வேண்டும், இதைச் சொன்னால் மரை கழன்றவன் என்பார்கள். 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு அவிழ்க்கிற பக்கம் கொஞ்சம், திரும்ப இறுக்குகிற பக்கம் கொஞ்சம். முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி, முழுத் தண்டும் மரை கெடாமல் வெளியே வந்தது. இந்தத் தெருவில் வேறு எவரும் அதை எடுத்திருக்க முடியாது. இதை மட்டும் யாரும் மறுக்கமாட்டார்கள்.

எடுத்த தண்டை அவரிடம் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார். "சுத்தமா வந்திருக்கு" என்றார். அவ்வளவுதான். பாதிக் கூலியும் நான் வாங்கவில்லை.

அஞ்சு வண்டி அக்கா கடைசிவரை நின்று பார்த்தார். போகும்போது என்னிடம், "இனிமே நம்ம வண்டி எல்லாம் இங்கதான்" என்றார். மாப்பிள்ளை கேட்கும் தூரத்தில்தான் சொன்னார். நான் சரி என்றேன். வேண்டாம் என்றிருந்தால் அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். மாப்பிள்ளை கடைக்குத் திரும்பிப் போயிருக்காது. இதுவும் ஊருக்குப் புரியாது. அந்த அம்மாவும் ஒரு வருஷம்தான் நிலைத்தார். புது வண்டிகளாக மாற்றிக்கொண்டு கம்பெனி சர்வீஸுக்குப் போய்விட்டார். சொல்லிக்கொள்ளக்கூட வரவில்லை.

இதற்கு மேல்தான் விஷம். டீக்கடையில் எவனோ கணக்குப் போட்டிருக்கிறான். எழுபதாயிரம், இரண்டு வார்த்தை. அப்போது ஒரு வார்த்தை முப்பத்தைந்தாயிரம். 'அவசரம்' என்ற பெயர் போய் 'முப்பத்தஞ்சு' என்று ஆகிவிட்டது.

"என்ன முப்பத்தஞ்சு, நாலு வார்த்தை பேசிட்டுப் போறது? கட்டுப்படியாகாதா?"

"எங்களுக்கும் ஒரு வார்த்தை கடனாக் குடுப்பா, தவணையில கட்டறோம்."

மாப்பிள்ளையும் கூடச் சேர்ந்து சிரித்தார். "இப்ப ரேட் ஏறிடுச்சு" என்பார். கேட்டவர்கள் அவர் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டு, என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துவார்கள். பொய் சொன்னவர் தங்கமான மனுஷன். ஊரான் ஒருவன் பழி சுமக்கக் கூடாது என்று சொந்தக் காசை விட்டவன் கல் நெஞ்சக்காரன். மூலைக்கடைக்காரர்கூட, அந்தப் பெரியவர்கூட, சாயங்காலமானால் மாப்பிள்ளை கடை வாசலில்தான் போய் உட்கார்ந்தார். என் கடைப் பக்கம் வந்து ஒரு வார்த்தை நன்றி சொன்னதில்லை. அவருக்கு அதற்கு விலை கட்டுப்படியாகவில்லை போலிருக்கிறது.

ஐந்து வண்டி போன பிறகு அந்தக் கொட்டகை நிற்குமா? வாடகை பாக்கி விழுந்தது. அட்வான்ஸ் அதில் கழிந்தது. கம்ப்ரஸரை வேறு ஊர்க்காரனுக்கு விற்றார். என்னிடம் வந்திருந்தால் வேலை கொடுத்திருப்பேன். ஆள் விட்டுச் சொல்லியும் அனுப்பினேன். "மச்சான்கிட்ட மறுபடி சம்பளமா? நாக்கு புரளாது" என்று பதில் வந்தது. பெரிய ரோட்டில் இருக்கிற பெட்ரோல் பங்கில் டயருக்குக் காற்றுப் பிடிக்கிற வேலைக்குப் போனார். இன்ஜினுக்குள் எங்கும் நுழைகிற கை, காற்றுக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றது.

நான் அந்தப் பங்கைத் தவிர்க்கவில்லை. நான் ஏன் தவிர்க்க வேண்டும்? வண்டியை நிறுத்தினால் ஓடி வருவார், அதே சிரிப்பு.

"மச்சான், காத்து முப்பதா, முப்பத்திரண்டா?"

காற்றுக்குக் காசு இல்லை. எல்லாரும் ஏதாவது கையில் கொடுப்பார்கள், வாங்கிக்கொள்வார். ஒருநாள் நானும் ஒரு நோட்டை நீட்டினேன்.

"வேண்டாம் மச்சான். உங்ககிட்ட வாங்கினதே இன்னும் நிக்குது."

"அதான் விட்டுட்டேனே மாப்ளே."

"நீங்க விட்டுட்டீங்க" என்று குழாயைச் சுருட்டினார். "அது போகமாட்டேங்குது."

தங்கை என் வீட்டுக்கு வருவதை நிறுத்தியிருந்தாள். மருந்துக்கடையில் ஒருமுறை நேருக்கு நேர் பார்த்தேன். "நல்லா இருக்கியா?" என்றேன். கடைக்காரரிடம் மாத்திரை விலையைக் கேட்டாள். பிள்ளைகள் மட்டும் தெருவில் கண்டால் "மாமா" என்பார்கள், பிறகு திரும்பிப் பார்த்துக்கொண்டே போவார்கள். இரண்டு லிஃப்டும் நான் கட்டியது அந்த வருஷங்களில்தான். ஒவ்வொன்றும் இறங்கிய அன்று, வந்து பார்க்கச் சொல்லி ஆள் அனுப்பினேன். வரவில்லை.

அப்புறம் வந்தாள். சில வருஷங்கள் போயிருந்தன. நான் ஒரு வண்டியின் கியர்பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். வெளியே ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வண்டியைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு உட்கார்ந்தபடி இருந்தார். மூலைக்கடைக்காரர் எங்கிருந்தோ வந்து அவரிடம் பேச ஆரம்பித்துவிட்டார். தங்கை மட்டும் கொட்டகை நிழல் முடிகிற இடம்வரை வந்து நின்றாள். கையில் ஒரு துணிப்பை. கழுத்தில் மெல்லிசாக ஒரு கயிறு மட்டும் இருந்தது. பணம் எப்படிச் சேர்ந்தது என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"உள்ள வா" என்றேன்.

"எழுபது இருக்கு. வாங்கிக்கோ."

"அன்னைக்கே விட்டுட்டேன்னு சொன்னேனே. ஊர் முழுக்கக் கேட்டுச்சே."

"அதான் அண்ணா. நீ விட்டா, அவர் வித்ததா ஆயிடுது. அவர் எதையும் விக்கலை."

"நான் விலை பேசலைடி. உன் வீட்டுக்குப் பாரம் குறையட்டும்னுதான்..."

"தெரியும். உனக்கு நல்லது செய்யத் தெரியும். மெதுவாச் சொல்லத் தெரியாது." அவள் குரல் உயரவில்லை. "வெளிய வா."

"இங்கயே குடு. யார் பாக்கப் போறா?"

"தெருவுல வச்சுத்தானே சொன்னே. தெருவுல வச்சே வாங்கிக்கோ."

வாங்காமல் விட்டிருக்கலாமே என்று என் வீட்டுக்காரி இன்றைக்கும் கேட்கிறாள். எப்படி விட முடியும்? வாங்கமாட்டேன் என்று நான் நின்றால், இன்னும் பத்து வருஷம் ஆனாலும் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு அவள் நிற்பாள். என் தங்கைதானே, எனக்குத் தெரியாதா? நான் வெளியே வந்தேன். வெயில் கண்ணில் அடித்தது. எதிர்க் கொட்டகையில் தட்டுகிற சத்தம் நின்றது. ஸ்கூட்டரில் மாப்பிள்ளை ஏதோ சொல்ல, மூலைக்கடைக்காரர் தோள் குலுங்கச் சிரித்தார். மாப்பிள்ளை இந்தப் பக்கம் திரும்பவில்லை.

"கையை நீட்டு" என்றாள் தங்கை.

என் வாழ்நாளில் யார் முன்னாலும் நான் கை நீட்டியதில்லை. உள்ளங்கை முழுக்கக் கியர் எண்ணெய். "துடைச்சுக்கறேன்" என்றேன்.

"பரவாயில்ல. காசு கழுவினாப் போகும்."

நீட்டினேன். கட்டைப் பிரித்து, நோட்டு நோட்டாக, உரக்க எண்ணி வைக்க ஆரம்பித்தாள். ஐந்நூறுகள் முடிந்து நூறுகள் வந்தன. நூறுகள் முடிந்து ஐம்பதும் இருபதும் வந்தன, காற்றுப் பிடிக்கிற இடத்தில் கைமாறுகிற மாதிரியான கசங்கின நோட்டுகள். எங்கேயும் குரல் இடறவில்லை. நடுவில் ஒன்று காற்றில் புரண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுத்து, மண்ணைத் தட்டி, விட்ட எண்ணிலிருந்து மறுபடி தொடங்கினாள். என் கை கனத்தது. மற்ற கையைக் கீழே கொடுத்துத் தாங்கிக்கொண்டேன். எழுபது என்று சொல்லி, கடைசி இருபதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, அது பறக்காமல் இருக்க ஒரு விரலால் அழுத்திவிட்டு, விரலை எடுத்துக்கொண்டாள்.